மச்சானுக்குப் படைத்த பீர்

கோட்டையூர்,
உன் அப்பனின் ஆண்டுத் தெவசம் முடிந்த மறுநாள்.

சகல செல்வமும் பெற்று, பெங்களூரில் பீர் காய்ச்சிக்கொண்டிருக்கும் என் அருமை மருமகன் சிரஞ்சீவி அய்யப்பனுக்குத் தாய்மாமன் வெள்ளைச்சாமி ஆசீர்வாதம் பண்ணிச் சொல்லிக்கொள்வது. எனக்கு எழுத்து வராது என்பது உனக்குத் தெரியும். நான் சொல்லச் சொல்ல எழுதுவது என் மருமகள், உன் மதினி மாரீஸ்வரி. இங்கே நான், உன் அம்மா, கறவை மாடு எல்லாரும் சுகம். கண்மாயில் தண்ணீர் கிடக்கிறது. நீ கேட்டதற்குப் பதிலைப் போனில் சொல்லக்கூடாதா என்று கேட்பாய். போனில் நான் குரலை உயர்த்தினால் உனக்கு உடனே சிக்னல் போய்விடுகிறது. காகிதத்துக்கு அந்த வியாதி கிடையாது.

பதிலுக்கு முன்னால் பழைய கதை. கள்ளுக்கடையைத் திறந்துவிட்ட வருசம் அது. வங்காளத்துச் சண்டை நடந்து ரேடியோப் பெட்டிக்கு முன்னால் ஊரே கூடி நின்ற வருசம். எங்கள் தெருவுக்கு முதல் விளக்குக் கம்பம் நட்டதும், அதில் மாடு முதுகு சொறிந்து கம்பம் சாய்ந்ததும் அதே வருசம். உன் அம்மா ஆயியை உன் அப்பன் பெத்தனுக்குக் கட்டிக்கொடுத்ததும் அப்போதுதான். அந்த வருசம் வலையபட்டியில் ஒரு செட்டியார் வீட்டுக் கல்யாணம். சமையல் எங்கள் குழு. தலைமைச் சமையல்காரரைத் தவசிப்பிள்ளை என்பார்கள் அல்லவா, அது முத்தழகு அண்ணன். அடுப்புக்கு உன் அப்பன். காய் நறுக்க நான். பெண்ணின் அம்மான் பினாங்கிலிருந்து வந்திருந்தார். வெண்டைக்காய் மண்டியை இலையில் மறுபடி மறுபடி வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, கை கழுவாமலே அடுப்படிக்கு வந்து, "இத வச்சது யாருப்பா?" என்று கேட்டு, பெட்டியிலிருந்து ஒரு பழுப்பு பாட்டிலை எடுத்து அண்ணன் கையில் கொடுத்துவிட்டுப் போனார். சீமை பீர். அடுப்படியில் ஐஸ் ஏது? அடுப்பு மேடை ஓரத்திலேயே மத்தியானம் வரை கிடந்தது. பந்தி முடிந்ததும் பின்வாசல் வாழைமரத்தடியில் உடைத்தோம். முத்தழகு அண்ணன் ஒரு மடக்குக் குடித்துவிட்டு, வெள்ளைக்காரன் ஊரில் இதைத்தான் பேதிக்குக் கொடுப்பான்போல என்றார். உன் அப்பனும் ஒரு மடக்குக் குடித்தான். கிணற்றடியையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு தானாகச் சிரித்தான். அவ்வளவுதான் நடந்தது.

அதற்குப் பிறகு அவன் வாழ்ந்த காலமெல்லாம் அந்தப் பாட்டிலை அளவுகோலாக வைத்தே வாழ்ந்தான். தீபாவளிக்கு ஒன்று, பொங்கலுக்கு ஒன்று, மிலிட்டரிக்காரன் கொண்டுவந்தது ஒன்று, சிங்கப்பூர்க்காரன் கொண்டுவந்தது ஒன்று என்று எது கிடைத்தாலும் மோந்து பார்ப்பான், நாக்கில் ஒரு சொட்டு வைப்பான், டம்ளரைக் கீழே வைத்துவிட்டு "அது இல்லடா" என்பான். மற்ற பிள்ளைகள் ராஜா கதை கேட்டுத் தூங்கியபோது நீ பினாங்கு பீர்க் கதை கேட்டுத் தூங்கினவன். அப்புறம் படித்தாய், கம்ப்யூட்டர் வேலைக்குப் போனாய், அதை விட்டுவிட்டு, "அப்பா சொன்ன அதை நானே காய்ச்சப்போறேன்" என்று வந்து நின்றாய். அவன் உன்னை ஏற இறங்கப் பார்த்து, "நான் கதைதானே சொன்னேன், கடை வைக்கவா சொன்னேன்" என்றான். அன்றோடு இரண்டு பேருக்கும் பேச்சு நின்றது. போன வருசம் அவன் கண்ணை மூடியபோது வந்தாய், வேப்பமரத்தடியில் வேற்றாள் மாதிரி நின்றாய், கொள்ளி வைத்தாய், சொல்லாமல் போனாய். அத்தோடு வீட்டுப் பக்கம் எட்டிப்பார்க்கவில்லை.

இப்போது தெவசத்துக்குப் பிள்ளை வருவான் என்று பார்த்தால் பெட்டி வருகிறது. கூடவே செல்போனில் உன் குரல். மாரீஸ்வரி போட்டுக் காட்டினாள். "மாமா, அப்பா படத்துக்கு முன்னால இத வைங்க. அப்பாவோட நாக்கு எப்படின்னு தெரிஞ்சவுக நீங்க ஒருத்தர்தான். இது அவருக்குப் பிடிச்சிருக்கும்னு நீங்க சொன்னா பாட்டில்ல அப்பா பேரை ஒட்டுறேன், ஊருக்கும் வாரேன். இல்லன்னா எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு அம்மா முன்னாடி வந்து நிக்கிறது?" என்று சொல்லியிருந்தாய். நல்ல வேலை கொடுத்தாய் மாப்பிள்ளை. கோர்ட்டில் நீதிபதிக்குக்கூட ஒரு பக்கம் உயிரோடு ஆள் இருக்கும்.

உன் சிநேகிதன் காரைக்குடி பஸ் ஸ்டாண்டில் பெட்டியைக் கொடுத்துவிட்டுக் காப்பி குடிக்கக்கூட நிற்காமல் போய்விட்டான். டவுன் பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். ஒவ்வொரு வேகத்தடைக்கும் பெட்டி பூஜை மணி அடித்தது. கண்டக்டர், பெருசு பெட்டியில் என்ன என்று கேட்டார். மூட்டுவலிக் கஷாயம், மருமகன் அனுப்பியது என்றேன். பின் சீட்டில் இருந்த சோணை, நாற்பது ஊருக்கு என்னோடு அண்டா தூக்கினவன், "எனக்கும் மூட்டு வலிக்குதுண்ணே" என்று சொல்லிக்கொண்டு என் கூடவே இறங்கினான். வீடு வந்து சேர்வதற்குள் தெருவில் பாதிப்பேருக்கு மூட்டு வலித்தது.

அடுத்து மாரீஸ்வரிக்கும் எனக்கும் தகராறு. நன்றாகக் குளிர வைத்துக் குடிக்கச் சொல்லி நீ அனுப்பியிருக்கிறாய் என்று அவள் நிற்கிறாள். குடிக்கிறவனுக்குத்தான் அந்தச் சட்டம், படையலுக்கு அல்ல என்று நான் நிற்கிறேன். இலையில் வைக்கிற சோறு, கறி, முட்டை எல்லாம் ஆவி பறக்க வேண்டும், ஆறிப்போனதைச் செத்தவனுக்கு வைத்தால் குடும்பத்துக்கு ஆகாது, இது என்ன புதிதாகப் பீருக்கு மட்டும் விதிவிலக்கு? கடைசியில் ராஜி. உயிரோடு இருக்கிறவர்களுக்கு உள்ள பாட்டில்களைக் கூடையில் கட்டிக் கிணற்றுக்குள் இறக்கினோம். மச்சானுக்கு உள்ள பாட்டிலை நான் வெந்நீர் அண்டாவில் நிறுத்தினேன். எழுதும்போது உன் மதினி தலையில் அடித்துக்கொள்கிறாள். அடித்துக்கொள்ளட்டும்.

படையலுக்கு முன்னால் எதையும் நாக்கில் வைக்கக்கூடாது. அதனால் மூக்குதான். செட்டியார் வீட்டுப் படைப்புக்குச் சமைக்கும்போது உப்பைக்கூட மோந்துதான் பார்ப்போம். இலை போட்டு, விளக்கேற்றி, சாம்பிராணிப் புகை காட்டி, உன் அப்பனின் சுருட்டையும் எடுத்துவைத்து, எல்லாரும் கைகூப்பி நிற்க, நான் மூடியைத் திறந்தேன் மாப்பிள்ளை. திறந்தேன் என்று சொல்வது மரியாதைக்கு. அதுவே திறந்துகொண்டது. டவுன் பஸ் குலுக்கியதும் அண்டாவில் கொதித்ததும் சேர்ந்து, நுரை ஓர் ஆள் உயரத்துக்குப் பீறிட்டு, உன் அப்பன் படத்தின் முகத்திலேயே அடித்து, விளக்கை அணைத்து, முட்டையைக் கழுவி, கும்பிட்டுக்கொண்டிருந்த உன் சித்தப்பா சத்தியமூர்த்தியின் சட்டையை நனைத்துவிட்டது. படம் ஆணியில் ஒரு சுற்றுச் சுற்றிச் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டது. பெண்கள் பக்கம் ஒரே அழுகை. சத்தியமூர்த்தி சட்டையைப் பிழிந்துகொண்டே, "அண்ணன் மூஞ்சியத் திருப்பிக்கிட்டாக. இதுக்கு மேல என்ன உத்தரவு வேணும் உங்களுக்கு?" என்றான். மிச்சம் பாட்டிலில் கிடந்ததை ஒரு டம்ளரில் ஊற்றி இலையோரம் வைத்துவிட்டு, படத்தைத் துடைத்து நேராக மாட்டினேன். சிரிக்கிற மாதிரித்தான் இருந்தான். ஆனால் அந்தப் படத்தில் அவன் எப்போதும் அப்படித்தான் இருப்பான், அதைச் சாட்சியாக எடுக்க முடியாது.

காக்கைக்கு வைத்த சோற்றில் சத்தியமூர்த்தி ஒரு சொட்டுப் பீர் தெளித்தான், அதுவும் சொல்லட்டும் என்று. ஒரு காக்கை வந்தது. தலையை ஒரு பக்கம் சாய்த்தது. மறுபக்கம் சாய்த்தது. வடையை மட்டும் கவ்விக்கொண்டு முருங்கைமரத்துக்குப் போய்விட்டது. உன் அப்பனும் வடைதான் முதலில் எடுப்பான். இதை எந்தக் கணக்கில் சேர்ப்பது?

பிறகு கிணற்றுப் பாட்டில்களை எடுத்து ஆளுக்குக் கொஞ்சம் பங்கு வைத்தோம். சத்தியமூர்த்தி ஒரு வாய் குடித்துவிட்டு, இது கெட்டுப்போன சரக்கு, அய்யப்பனை யாரோ நன்றாக ஏமாற்றியிருக்கிறார்கள் என்றான். காய்ச்சியதே அவன்தான் என்றேன். அப்படியானால் அவனே ஏமாற்றியிருக்கிறான் என்றான். சோணை சாதா பீர் மாதிரி நினைத்து ஒரே மூச்சில் ஒரு செம்பைக் கவிழ்த்தான். அந்தப் பாட்டிலுக்குள் நீ எதைப் போட்டு அடைத்தாயோ, கொஞ்ச நேரத்தில் எழுந்துபோய், வேலிச் சண்டையில் வருசக்கணக்காகப் பேசாமல் இருந்த சத்தியமூர்த்தியைக் கட்டிப்பிடித்து, "வேலி உன்னுது, மரம் உன்னுது, நானும் உன்னவன்தாண்டா" என்று அழுதான். சாயங்காலம் தெளிந்ததும், மரத்தை எப்போது கொடுத்தேன் என்று மறுபடி சண்டை பிடித்தான். பலம் இருக்கிறது உன் பீரில். அதை மறுக்கவில்லை.

கடைசியாக நான். மூக்கில் முதலில் வந்தது நார்த்தங்காய்த் தோல் கிள்ளிய வாசனை. அதன் பின்னால் பால் வடியும் மாங்காய்க் காம்பு. அதற்கும் பின்னால், கோயில் உள்மண்டபத்தில் நேற்றுப் புகைத்த குங்கிலியம். வாயில் வைத்தால் வேப்பம்பூவை எண்ணெய் விடாமல் வறுத்துக் கொட்டின மாதிரி ஒரு கசப்பு, நாக்கின் இரண்டு ஓரத்தையும் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்கிறது. விழுங்கினபின் அடியில் கருகின வெல்லம் ஒரு துளி. அப்புறம் நெஞ்சுக்குள் ஒரு கணகணப்பு. வேலை சுத்தம். கை நல்ல கை. இதைச் சொல்லாவிட்டால் நான் சமையல்காரன் இல்லை.

ஆனால் மாப்பிள்ளை, கேட்டது அது இல்லையே. உன் அப்பனுக்குப் பிடிக்குமா என்றுதானே கேட்டாய். தலையில் கைவைத்துச் சொல்கிறேன், இது அது இல்லை. அந்தப் பினாங்குச் சரக்கு பதநீர் மாதிரி இருந்தது. நாக்குக்கே தெரியாமல் வழுக்கிக்கொண்டு போகும். குடித்ததே வயிற்றில் போய்த்தான் தெரியும். உன்னுடையது வாசலிலேயே மல்லுக்கு நிற்கிறது. அதைக் குடித்த நாக்குகளில் இன்று மிஞ்சியிருப்பது என் நாக்குதான், பொய் சொல்ல அதற்கு அவசியம் இல்லை. ஆகவே தாய்மாமன் தீர்ப்பு: அவன் பெயரை இதன்மேல் ஒட்டாதே. வேறு ஏதாவது பூவின் பெயரை, ஆற்றின் பெயரை ஒட்டிக்கொள். வருவதும் வராததும் உன் இஷ்டம். உன்னைக் குறை சொல்ல மாட்டேன். உன் அம்மா அவள் பாட்டுக்கு இலையை எடுத்தாள், இடத்தைத் துடைத்தாள்.

எல்லைக் கருப்பர் துணையிருப்பார். கல்யாணத்துக்கு வயது ஏறுகிறது, அதையும் கவனி. உடம்பைப் பார்த்துக்கொள், நீ காய்ச்சுவதை நீயே குடித்துவிடாதே. பெரியவர்களுக்கு வணக்கத்தையும் சின்னவர்களுக்கு முத்தத்தையும் நீயாகப் பார்த்துப் பிரித்துக் கொடு.

இப்படிக்கு,
உன் நலம் தவிர வேறெதுவும் வேண்டாத தாய்மாமன்,
வெள்ளைச்சாமி (கைநாட்டு)

பின்குறிப்பு: மேலே எழுதினதை மாரீஸ்வரி உரக்கப் படித்துக் காட்டிக்கொண்டிருந்தாள். உன் அம்மா புளி ஆய்ந்துகொண்டு ஒரு ஓரமாக உட்கார்ந்திருந்தாள். பதநீர் என்ற இடம் வந்ததும் கை நின்றது. "அண்ணே, நீங்க எப்பக் குடிச்சீக?" என்று கேட்டாள். வாழைமரத்தடியில்தான் என்றேன். "வாயில வச்ச வேகத்துல வாழைமரத்து மேலயே துப்புனீகளே. நான் மசால் அரைச்சுக்கிட்டுப் பார்த்துக்கிட்டுத்தானே இருந்தேன்" என்றாள். அவள் அன்றைக்கு அந்தக் கல்யாண வீட்டில் கிணற்றடி அம்மியில் இருந்தாள் என்பதே எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. அவள் சொன்னதும் நாக்குக்கும் ஞாபகம் வந்தது. துப்பினேன்தான்.

மிச்சத்தை உன் அப்பன் டம்ளரில் ஊற்றி, வாழையிலைக் கிழிசலால் மூடி அம்மியடிக்குக் கொண்டுபோனானாம். அவளைக் கட்டுவதற்கு முந்தி அது, அதுவரை அவள் முகத்தைப் பார்த்து ஒரு வார்த்தை பேசினதில்லையாம். "குடிச்சுப் பாரு, கசக்கும். ஆனா ஏமாத்தாது. வாசல்லயே நின்னு பேரைச் சொல்லிட்டுத்தான் உள்ள வருது" என்றானாம். இரண்டு பேரும் ஒரே டம்ளரில் குடித்தார்களாம். இத்தனை வருசம் எங்கள் யாருக்கும் இது தெரியாது. யாரும் கேட்கவில்லை என்கிறாள்.

நேற்று இலையை எடுத்தபோது படையல் டம்ளர் காலியாக இருந்தது. பூனை என்று நினைத்தேன். உன் அம்மாதான். நாங்கள் கிணற்றில் குளிர வைத்துக் குடித்துக் குற்றம் சொல்லிக்கொண்டிருந்தபோது, அவள் அவன் பங்கை, வெதுவெதுப்பு ஆறுவதற்குள், உள்ளே நின்றபடியே குடித்து முடித்திருக்கிறாள். எப்படி இருந்தது என்று கேட்டேன். கண்ணைத் துடைக்கவில்லை, ஒன்றுமில்லை. புளியங்கொட்டையைத் தட்டிவிட்டு, "இது அதுதாண்ணே. அவன வரச் சொல்லுங்க" என்றாள்.

ஆகவே மேலே நான் சொன்ன தீர்ப்பை அடித்துவிடு. மாரீஸ்வரி அடிக்க மாட்டேன் என்கிறாள், கை வலிக்கிறதாம். பெயரை ஒட்டிக்கொண்டு வா. அந்தப் பினாங்கு பாட்டிலைக் குடித்தவர்களில் முத்தழகு அண்ணன் போய்விட்டார். உன் அப்பன் பெத்தன் போய்விட்டான். துப்பினவன் கணக்கில் வரமாட்டான். உயிரோடு இருப்பது ஒரே ஒரு ஆள், உன் அம்மா ஆயி.