றோசி அக்காவுக்கு அப்புக்காத்தர் சொன்ன தீர்ப்பு

செத்த வீட்டுக்குப் போனால் எல்லோரும் அழுவார்கள். இது கொலையா இல்லையா என்று யோசிக்கிற ஒரே தமிழர் ஜெர்மனி முழுவதிலும் எங்கள் அப்புக்காத்தர்தான்.

அப்புக்காத்து என்றால் யாழ்ப்பாணத்தில் வழக்கறிஞர். இவர் வழக்கறிஞர் இல்லை. கொழும்பில் இருந்துகொண்டு தபால் மூலம் இங்கிலாந்துச் சட்டம் படித்தவர். கடைசிப் பரீட்சைக்கு முன் சண்டை பெரிதாகி, ஓடிவந்து பிராங்பேர்ட்டில் விழுந்தார். விமானங்களுக்குச் சாப்பாடு அனுப்பும் சமையற்கூடத்தில் என்னோடு பதினெட்டு வருடம் தட்டு அடுக்கினார். படித்ததில் சொத்து, ஒப்பந்தம் எல்லாம் மறந்துவிட்டதாம். கொலை மட்டும் பத்திரமாக இருந்தது.

அதை வைத்துக்கொண்டு எங்களை அவர் படுத்திய பாடு கொஞ்சமா? கோழித் துண்டு வெட்டுகிறவனிடம் போய், செத்தது மனிதனாக இருந்தால்தான் கொலை, ஆகவே நீ தைரியமாக வெட்டு என்பார். மேற்பார்வையாளரை நினைத்து 'இவனைக் கொல்லாமல் விடமாட்டன்' என்று யாராவது முணுமுணுத்தால் போதும், கையுறையைக் கழற்றிவிட்டு வந்துவிடுவார்.

"கொல்ல நினைக்கிறியோ, இல்லாட்டிப் பலத்த காயப்படுத்த நினைக்கிறியோ? ரெண்டில எது எண்டாலும், அடிச்சு அவன் செத்தால் கொலைதான்."

பதில் யோசிப்பதற்குள் கோபம் ஆறிவிடும். இது ஜெர்மனி அண்ணை, இங்கே சட்டம் வேறு என்று நானும் சொல்லிப் பார்த்தேன். தான் படித்ததற்குத்தான் தான் பொறுப்பு என்றுவிட்டார்.

ஒன்றில் மட்டும் வாய் திறக்கமாட்டார். போரில் எதிரியைக் கொல்வது கொலையாகாது என்று அந்தச் சட்டத்தில் இருக்கிறதாம். பேச்சு அங்கே வந்தால் நிறுத்திவிட்டுத் தட்டு அடுக்கப் போய்விடுவார். நாங்களும் கேட்பதில்லை.

போன மாரியில் றோசி அக்காவின் கணவர் மாரடைப்பில் செத்துப்போனார். நெஞ்சு நோகுது என்று அவர் சரிந்தபோது வீட்டில் அக்கா மட்டும். அக்காவுக்கு ஜெர்மன் வராது. கடிதம், டெர்மின் என்கிற முன்பதிவு, டொக்டர் எல்லாம் மகள்தான். எங்கள் வீடுகளில் பாதி இப்படித்தான் ஓடுகிறது. மகள் பள்ளிக்கூடத்தால் வந்து போனில் கதைக்கட்டும் என்று அக்கா இருபது நிமிடம் வாசலில் நின்றுவிட்டார். அம்புலன்ஸ் வந்தபோது உயிர் இல்லை.

எங்கள் கத்தோலிக்கக் கோயிலில் முப்பத்தோராம் நாள் பூசை முடிந்த பிறகும் அக்கா சரியாகச் சாப்பிடவில்லை. நான்தான் அவரைக் கொலை செய்தனான் என்பதைத் தவிர வேறு பேச்சில்லை. உங்களில் பிழை இல்லை என்று எல்லோரும் சொன்னோம், சுவாமியாரும் சொன்னார். அக்கா கேட்டால்தானே.

அப்போதுதான் அப்புக்காத்தர் கதிரையை இழுத்துக்கொண்டு அக்காவுக்கு முன்னால் உட்கார்ந்தார். இந்த மனிசன் இங்கேயுமா என்று அவர் கையைப் பிடித்து இழுத்தேன். அசையவில்லை.

"தங்கச்சி, புருசனைக் காப்பாத்துற கடமை பெண்சாதிக்குச் சட்டத்தில இருக்கு. நீங்கள் உடனே போன் எடுத்திருக்கவேணும். எடுக்கேல்லை. அது பிழைதான்."

சுவாமியார் எழுந்தே விட்டார். அக்கா மட்டும் நிமிர்ந்து பார்த்தார். பிழை என்று ஒத்துக்கொண்ட முதல் ஆள் இவர்தான்.

"ஆனால் கொலை எண்டு சொல்ல அது மட்டும் காணாது. அந்தப் பிழையாலதான் உயிர் போனது எண்டு காட்டவேணும். அம்புலன்ஸ் உடனே வந்திருந்தாலும் தப்பியிருப்பார் எண்டு சொல்ல ஏலாது எண்டு டொக்டரே சொன்னவர். அதையும் விடுங்கோ. கொலைக்கு மனசு வேணும். வாசல்ல நிக்கேக்கை என்ன நினைச்சனீங்கள்?"

"அவர் பிழைக்கவேணும் எண்டுதான் அண்ணை. பிள்ளை கெதியா வரவேணும் எண்டு நேர்ந்துகொண்டு நிண்டனான்."

"அப்ப இது கொலை இல்லை," என்றார் அப்புக்காத்தர்.

அக்கா அன்றைக்குத்தான் வாய்விட்டு அழுதார். பிறகு கொஞ்சம் சோறு சாப்பிட்டார். நாளைக்கு மகளுக்கு ஏதும் நடந்தால் நான் என்ன செய்வேன் என்று அக்கா கேட்டபோது, அதற்குச் சட்டத்தில் பதில் இல்லை என்று அப்புக்காத்தர் ஒத்துக்கொண்டார்.

இப்போது ஒவ்வொரு ஞாயிறும் பூசை முடிந்ததும் அவர் கோயிலுக்கு வெளியே போய் நின்று அக்காவின் கைபேசிக்கு அழைக்கிறார். அம்புலன்ஸ் ஆளாக நடித்து, தன் ஓட்டை ஜெர்மனில், எந்தத் தெரு, என்ன நடந்தது, மூச்சு இருக்கிறதா என்று கேட்கிறார். உள்ளே அக்கா தட்டுத்தடுமாறி ஜெர்மனில் பதில் சொல்கிறார். பனி கொட்டினாலும் மனிசன் வெளியேதான் நிற்பார். முகத்தைக் கண்டால் அக்கா தமிழில் சொல்லிவிடுவாராம். அப்புக்காத்தர் இன்னும் நூறு வருடம் இருக்கவேண்டும்.