வந்தும் வராத வக்கீல்

தப்பே செய்யவில்லை என்று சாதிக்கிற ஆட்களை உங்களுக்குத் தெரியும். செய்துவிட்டுக் கண்ணைக் கசக்குகிற ஆட்களையும் தெரியும். மூன்றாவது இனம் ஒன்று இருக்கிறது. இவர்கள் செய்தேன் என்றும் சொல்ல மாட்டார்கள், செய்யவில்லை என்றும் சொல்ல மாட்டார்கள். "அதை இங்கே கேட்காதே" என்பார்கள். சரி, எங்கே கேட்பது? அங்கே போய்ப் பாருங்கள், அங்கேயும் ஒருவர் உட்கார்ந்து இதையே சொல்வார்.

இந்த இனத்தில் முற்றிப் பழுத்த ஒருவரைப் பார்க்க வேண்டுமானால், அமெரிக்காவில், மிசிசிப்பி ஆற்றங்கரையில் இருக்கும் எங்கள் மாவட்டக் கோர்ட்டுக்கு வாருங்கள். பெயர் வென்டெல் ஓஸ்கார்ட். பழைய பெயிண்ட்டை உரிக்கும் திரவம் தயாரிக்கிற ஒஹாயோ மாநிலக் கம்பெனி ஒன்றின் வக்கீல். முப்பத்தொரு வருட சர்வீஸ். சட்டைப் பையில் உள்ளங்கை அளவில் அரசியல் சட்டப் புத்தகம். உரிய நெறி இல்லாமல் எந்த மாநிலமும் யாரிடமும் எதையும் பறிக்கக் கூடாது என்று அதில் ஒரு வரி இருக்கிறது. அந்த 'யாரிடமும்' என்பதில் கம்பெனியும் அடக்கமாம். எனவே எங்கோ பிறந்து எங்கோ வளர்ந்த கம்பெனியை, எங்கோ நடந்த சங்கதிக்காக, இந்த மாநிலம் காதைப் பிடித்து இழுத்து வரக்கூடாது என்பது வென்டெலின் மதம்.

சும்மா சொல்லக் கூடாது, அதில் நியாயமும் உண்டு. ஆனால் எங்கள் மாநிலமும் லேசுப்பட்டது இல்லை. இங்கே பதிவு செய்து கடை விரித்த கம்பெனி, விஷப் பொருள் விவகாரம் எங்கே நடந்திருந்தாலும் இங்கே பதில் சொல்ல வேண்டும் என்று ஒரு விதி போட்டது. அந்த விதி அரசியல் சட்டத்தின் வேலியைத் தாண்டுகிறது என்பதுதான் வென்டெலின் வாதம்.

இதைச் சொல்ல வருகிறவருக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. "இந்தக் கோர்ட்டுக்கு என்மேல் அதிகாரம் இல்லை" என்று சொல்லலாம். அதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். கோர்ட்டிடம் வேறு எதையாவது கேட்டு வாங்கினால், அந்தக் கோர்ட்டை ஒப்புக்கொண்டதாகக் கணக்கு. அதனால் வென்டெல் கோர்ட்டுக்குள் எதையுமே கேட்க மாட்டார். தண்ணீர் கேட்க மாட்டார். மணி கேட்க மாட்டார். கழிப்பறை எந்தப் பக்கம் என்று கேட்காமல் மூன்று மாடி தேடுவார். வாசல் காவலர் கர்டிஸ் தினமும் வம்புக்கு இழுப்பார்.

"என்ன ஓஸ்கார்ட் சார், வந்துட்டீங்களா?"

"வரல. வரலன்னு சொல்லிட்டுப் போக வந்திருக்கேன்."

வீட்டிலும் இதே ராகம்தான். கார் கதவில் எப்படி நசுங்கல் விழுந்தது என்று மனைவி கேட்டால், நசுங்கியது கடை வாசலில், அதை வீட்டில் விசாரிக்க முடியாது என்பார்.

இப்படிப்பட்டவர் முன்னால்தான் போன மாதம் லோரெட்டா பிரிச்செட் கம்பெனிமேல் வழக்குப் போட்டு வந்து நின்றாள். குளியல் தொட்டிகளுக்குப் புது மெருகு போடும் வேலை அவளுக்கு. ஆற்றுக்கு அக்கரையில், ஐயோவா மாநிலத்தில், ஜன்னலே இல்லாத குளியலறையில் மண்டி போட்டு இந்தத் திரவத்தை ஊற்றிச் சுரண்டினாள். இப்போது கோர்ட் படி ஏறுவதற்குள் இரண்டு முறை நின்று மூச்சு வாங்குகிறாள். ஐயோவாவில் வழக்குப் போடும் கெடு முடிந்துவிட்டது. ஒஹாயோவிலும் முடிந்துவிட்டது. அவளுக்கு இங்கே இல்லையென்றால் எங்கேயும் இல்லை.

நீதிபதி மார்வா ஹென்ச் கேட்டது சின்னக் கேள்வி. டப்பாவை எங்கே வாங்கினாய் என்றார். அக்கரைக் கடையில் என்று சொல்லி அவள் நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை.

"டப்பாவுல 'காத்தோட்டமான இடத்துல பயன்படுத்தவும்'னு கடுகு சைஸுல போட்டிருந்துச்சு, ஜட்ஜம்மா. குளிக்கிற ரூம்ல ஏது காத்தோட்டம்? இத எழுதின ஆளு ஜென்மத்துல ஒரு தொட்டியச் சொரண்டியிருக்க மாட்டான்."

எழுதிய ஆள் வென்டெல்தான். இருபத்தெட்டு வயதில் எழுதியது. அதற்காகக் கம்பெனி கொடுத்த கேடயம் இன்றும் அவர் மேஜைக்கு மேலே தொங்குகிறது. உட்கார்ந்திரு என்று மூளை சொன்னது. கால் கேட்கவில்லை. எழுந்துவிட்டார்.

"அந்த வாசகத்துல ஒரு குத்தமும் கிடையாது, ஜட்ஜம்மா. ஒம்போது தடவ திருத்தி எழுதினது. இவங்க சொன்னதப் பதிவுலேருந்து நீக்கணும்னு கோர்ட்டக் கேட்டுக்கிறேன்."

நீதிபதி கண்ணாடிக்கு மேலே பார்த்தார். "நெஜமாவே கேக்கிறீங்களா?"

"நெஜமாத்தான்."

"சரி. நீக்கியாச்சு."

வென்டெல் உட்கார்ந்தார். கேட்டது கிடைத்த சுகம் முப்பத்தொரு வருடத்தில் முதல் முறை. அதை முழுதாக ருசிக்கக்கூட விடவில்லை நீதிபதி அம்மாள்.

"என் அதிகாரம் உங்க கம்பெனி மேல செல்லாதுன்னீங்க. அதே அதிகாரத்த வெச்சுத்தான் இப்ப உங்களுக்கு ஒண்ணு செஞ்சு குடுத்தேன். ரெண்டும் சேராது, ஓஸ்கார்ட். கேஸ் இங்கயே நடக்கும்."

வென்டெல் மறுபடி எழுந்தார். "அப்ப அத நான் திருப்பிக் குடுத்துடறேன்."

"திருப்பி எடுத்துக்கச் சொல்லியும் என்னத்தான கேக்கணும்?"

அரசியல் சட்டத்தின் வேலி எதுவரை என்ற பெரிய கேள்வி அப்படியே கிடக்கிறது. வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றவரே கையை விட்டுவிட்டால் வேலி என்ன செய்யும்?

வெளியே வராந்தாவில் லோரெட்டா சுவரைப் பிடித்துக்கொண்டு அவரை நிறுத்தினாள். "ஒண்ணே ஒண்ணு. ஜன்னல் இல்லாத எடத்துல தொறக்காதேன்னு ஏன் எழுதல?"

வென்டெல் தொண்டையைச் செருமினார். "அத வராந்தாவுல கேக்கக் கூடாதும்மா."

"சரி. அடுத்த வாய்தா மார்ச் பதினேழு, அன்னிக்கு உள்ள கேக்கிறேன்," என்று சொல்லிவிட்டு அவள் மெல்லப் படி இறங்கினாள். ஒரு முறைதான் நின்றாள்.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். போன வாரம் உங்கள் வீட்டில் ஒருவர் உங்களிடம் ஒன்று கேட்டார். சாப்பிடுகிற நேரத்தில் என்ன பேச்சு என்றீர்கள். சாப்பிட்டு முடித்ததும் தூங்குகிற நேரம் என்றீர்கள். மறுநாள், நாலு பேர் இருக்கிற இடம் என்றீர்கள். கேட்டவர் இன்னும் காத்துக்கொண்டிருக்கிறார். எந்த இடத்தில் பதில் சொல்வீர்கள் என்று நீங்களே சொல்லிவிடுங்கள். அவர் அங்கே வருவார்.