அத்தான் மரத்தில் ஒரு கட்டில்

அன்புள்ள அக்காவுக்கு,

உன் தம்பி வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நானும் உன் தம்பி பெண்டாட்டியும் சுகம். என் இடது தோள் மட்டும் சுகமில்லை, அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம். உட்கார்ந்து படி.

நீ வாடகைக்கு இருக்கும் அறையை மாதக் கடைசிக்குள் காலி செய்யும்படி அதன் சொந்தக்காரர் சொன்னதும், இங்கே வந்துவிடு என்று நான் அழைத்ததும், "காத்துல விழுந்த அத்தான் மரத்துல எனக்கு ஒரு ஒற்றைக் கட்டில் போட்டு வை, வர்றேன். இல்லேன்னா எங்கேயாவது போய்க்கிறேன்" என்று நீ நிபந்தனை போட்டதும் உனக்கே தெரியும். கொல்லையில் கிடக்கும் அந்த மரத்தைத் தூக்கிப்போகும் வண்டி எதுவும் நம் சந்துக்குள் நுழையாது. மரம் அறுப்பு மில்லுக்குப் போகாவிட்டால் மில்லே வீட்டுக்கு வரட்டும் என்று செயின் சா என்கிற சங்கிலி ரம்பம் வாங்கப் போனேன். கைக்கு அடக்கமாக, நல்ல நிறத்தில் ஒன்றை எடுத்தேன். கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "இது கிளை கழிக்கிற மெஷின் சார். இதை வச்சு அடிமரத்தை நீளவாக்குல அறுத்தா முதல்ல எஞ்சின் போகும், அப்புறம் நீங்க போவீங்க" என்றார். பிறகு அவரே பெரிய எஞ்சின், மரத்தின் அகலத்தைத் தாண்டும் பிளேடு, நீளவாக்கில் அறுப்பதற்கென்று பல் தீட்டிய சங்கிலி, பலகை ஒரே கனத்தில் வர பிளேடில் மாட்டும் இரும்புச் சட்டம், காதை அடைக்கும் மூடி இரண்டு எல்லாம் எடுத்து வைத்தார். "பழைய வீட்டு மரம்னா உள்ள ஆணி இருக்கும். அதுல பட்டா சங்கிலி அறுந்து மூஞ்சிக்கு வரும். ஆணி இருக்கிற இடத்தைக் காட்டற கருவி ஒண்ணு இருக்கு, தரட்டுமா?" என்றார். யானையை வாங்கிவிட்டு அங்குசத்துக்கு யோசிக்கும் வம்சம் நாம், வேண்டாம் என்றேன். கிளம்பும்போது அவர் சொன்னது இது: "மெஷின் ஓடும்போது பின்னாடி ஒருத்தரும் வரக்கூடாது. நிறுத்தணும்னா முன்னாடி நின்னு கையைத் தூக்கணும்."

அவர் சொன்னபடியே செய்தேன். ஏணியை மரத்தின் முதுகில் வைத்துக் கட்டி, அதன்மேல் சட்டத்தை ஓட்டினேன். முதல் அறுப்பு நேராக வந்துவிட்டால் அப்புறம் அறுபட்ட அந்த முகமே அடுத்த பலகைக்கு வழிகாட்டும். பிளவு மூடிக்கொண்டு பிளேடைக் கவ்வாமல் இருக்க ஆப்பு வைப்பது உன் தம்பி பெண்டாட்டி வேலை. எனக்கு ஆப்பு வைப்பதில் அவளுக்கு முன் அனுபவம் நிறைய. இருவரும் காதை மூடிக்கொண்டோம். அவள் எனக்கு நேர் எதிரே, கண் பார்வையில் நின்றாள். பாதி மரம் போயிருக்கும், என் இடது தோளில் யாரோ தட்டினார்கள். இரண்டு விரலால், கதவைத் தட்டுகிற மாதிரி. மெஷினை நிறுத்தித் திரும்பினால் சுவர்தான் இருக்கிறது. இவளைக் கேட்டேன். "நான் தட்டறதா இருந்தா தோள்லயா தட்டுவேன், தலையில தட்டுவேன்" என்றாள். அப்போதுதான் பார்த்தேன், சங்கிலிக்கு ஒரு விரல் தூரத்தில் அத்தான் துணிக்கொடி கட்ட அடித்த கொக்கி, மரத்துக்குள் புதைந்து, முனை மட்டும் வெளியே தெரிந்தது.

அத்தான் உயிரோடு இருந்து, நீங்கள் இருவரும் இங்கே பின்கட்டில் குடியிருந்த நாளில் அந்த மரத்தில் அவர் எதைத்தான் அடிக்கவில்லை, அதனால்தானே அதற்கு அத்தான் மரம் என்றே பேர். கண்ணாடி மாட்ட ஒன்று, குடை மாட்ட ஒன்று, போன ஆணியைத் தேடுவதற்கு விளக்கு மாட்ட ஒன்று. இடது தோளில் தட்டிவிட்டு வலது பக்கம் போய் நின்றுகொள்ளும் அவருடைய விளையாட்டும் உனக்கு நினைவிருக்கும். ஒவ்வொரு தடவையும் நான் முட்டாள் மாதிரி இடது பக்கமே திரும்புவேன், அவர் மறுபக்கம் நின்று சிரிப்பார். அதை நான் வேண்டுமென்றே நினைக்காமல் மறுபடி மெஷினை ஓட்டினேன். மறுபடி தட்டு. நிறுத்தினேன். அங்கே கண்ணாடி மாட்டிய ஆணி. வாங்காத கருவி இலவசமாக வந்து சேர்ந்தது என்று சிரித்துப் பார்த்தேன், சிரிப்பு வரவில்லை. ஏனென்றால் என்னைச் சுற்றித் தரையெல்லாம் மரத்தூள் மாவு சலித்த மாதிரி படிந்திருந்தது. எனக்குப் பின்னால் வலது பக்கத்தில் மட்டும், இரண்டு பாதம் அளவுக்குத் தூள் விழாமல் தரை தெரிந்தது. இவள் துடைப்பத்தை எடுத்து வந்து கூட்டினாள். "என்ன அது" என்று கேட்டேன். "கூட்டிட்டேன். கேக்காதீங்க" என்றாள்.

பலகைகள் அருமையாகத்தான் வந்தன, குறை சொல்ல முடியாது. நேற்று தலைமாட்டுப் பலகையை நீ கேட்ட ஒற்றைக் கட்டில் அகலத்துக்குக் கோடு போட்டு, குறுக்கே அறுக்க மெஷினை வைத்தேன். தட்டு. காந்தத்தை ஓட்டிப் பார்த்தேன், ஆணி இல்லை. மறுபடி வைத்தேன். தட்டு, இந்த முறை கொஞ்சம் அழுத்தமாக. பலகையைப் புரட்டி, தடவி, கோணி ஊசியால் குத்திக்கூடப் பார்த்துவிட்டேன், ஒரு குண்டூசி கிடையாது. அக்கா, ஆணி இருந்தபோது எனக்கு இவ்வளவு பயமில்லை. அதற்கு ஒரு காரணம் இருந்தது. இதற்கு என்ன காரணம்? நான் இன்றுவரை வலது பக்கம் திரும்பவே இல்லை, அதற்குத் துணிச்சலும் இல்லை.

அதனால் மெஷினைக் கடைக்கே திருப்பிக் கொடுக்கிறேன். பலகைகளை விறகுக்காரர் நாளை எடுத்துக்கொள்வார். உனக்கு ஓர் இரும்புக் கட்டில் வாங்கிப் போடுகிறேன். அது பிடிக்காமல் நீ வராமல் போய்விடுவாயோ என்றுதான் கவலை. நீ அங்கே தனியாகக் கிடப்பது எனக்குத் தாங்கவில்லை. கோபித்துக்கொள்ளாமல் வா.

இவள் உன்னை மிகவும் கேட்டதாக எழுதச் சொன்னாள். உடம்பைப் பார்த்துக்கொள். மற்றவை நேரில்.

இப்படிக்கு,
உன் பாசமுள்ள தம்பி

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது இடது தோளில் தட்டு. மெஷின் இல்லை, மரம் இல்லை, மேஜையில் இந்தக் கடிதம் மட்டும்தான். இந்தத் தடவை வலது பக்கம் திரும்பினேன். மேலே எழுதியது எதையும் மனதில் வைத்துக்கொள்ளாதே. விறகுக்காரரை வரவேண்டாம் என்று சொல்லிவிட்டேன், மெஷினும் இங்கேயே இருக்கும். மாதக் கடைசிக்குள் கட்டில் தயார், நீ தைரியமாக வா. ஆனால் தலைமாட்டுப் பலகையை இனிக் குறுக்கே அறுக்கப் போவதில்லை; ஒற்றைக் கட்டில் போதாது அக்கா, இருவர் படுக்கிற அகலத்தில் போடுகிறேன். சுவர் ஓரம் உனக்காம்.