பந்தைப் பார்க்காத ஓஃப்சைட் அக்கா

ஆயிரம் உதைபந்தாட்டமாவது பார்த்திருந்தும் ஒரு கோலைக்கூடக் கண்ணால் கண்டிராத ஒரே ரசிகை, யாழ்ப்பாணக் குடாநாட்டில் மட்டுமல்ல, இந்த உலகத்திலேயே எங்கள் ஓஃப்சைட் அக்காதான். அவருக்குக் கண்ணில் ஒரு குறையுமில்லை. தெருமுனையில் வரும் சைக்கிள் பெட்டிக்குள் இருப்பது ஒட்டி மீனா ஓரா மீனா என்று இருந்த இடத்திலிருந்தே சொல்லிவிடுவார். ஆனால் மைதானத்தில் பந்தைப் பார்க்கமாட்டார். அது அவருடைய கொள்கை.

நான் தெல்லிப்பழைத் தோட்டக்காரக் குடும்பத்துப் பிள்ளை. வேலை காரணமாக யாழ்ப்பாண நகரத்துக்கு வந்து, மீனவர் ஊரான குருநகரில் ஒரு அறை எடுத்துத் தங்கினேன். அப்போது எனக்கு முப்பத்தொரு வயது, சிறு தொந்தி வேறு. கடலும் தெரியாது, பந்தும் தெரியாது. வந்த முதல் வாரம் சந்தையில் மீன் விற்கும் அக்காவிடம் அரைக் கிலோ விளைமீன் கேட்டேன். நிறுத்துப் பையில் போட்டவர், ஒரு வார்த்தை சொல்லாமல் என் இடது தோளுக்கு மேலால் அதை எறிந்தார். எப்படியோ பிடித்துவிட்டேன். அடுத்து ஒரு பாரை, பையில்லாமல், வலப்பக்கமாக வந்தது. அதையும் பிடித்தேன். மூன்றாவதாக வந்தது நண்டு. நண்டையும் பிடித்தேன். அதன் பிறகு நண்டு என்னைப் பிடித்தது.

நான் விரலை உதறிக்கொண்டு நிற்க, அக்கா கேட்டார். "தம்பி, நீ எந்தக் கிளப்புக்குக் கீப்பர்?"

"நான் பந்தே விளையாடினதில்லை, அக்கா."

"அப்ப இவ்வளவு காலமும் உந்தக் கையை என்னத்துக்கு வச்சிருந்தனி?"

அந்த வாரம்தான் ஊர் அணியின் கீப்பர் வெளிநாடு போயிருந்தான். பயிற்சியாளர் ஞானம் அண்ணை தலையில் கைவைத்துக்கொண்டிருந்தார். ஞாயிறு பின்னேரம் அக்கா என்னை மைதானத்துக்குக் கூட்டிக்கொண்டு போய் அவர் முன்னால் நிறுத்தினார். ஞானம் அண்ணை என் தொந்தியை மேலும் கீழும் பார்த்தார்.

"இந்தாள் ஓடுமே?"

"கோல் போஸ்ட் ஓடுதோ? அதுக்குப் பக்கத்திலை நிக்கிறவன் என்னத்துக்கு ஓடவேணும்?"

இப்படித்தான் நான் உதைபந்தாட்ட வீரன் ஆனேன். தொந்தி பிறகு கரைந்தது, அது வேறு கதை.

அவருடைய உண்மைப் பெயரைச் சொல்லித் தேடினால் குருநகரில் அவரைக் கண்டுபிடிக்க முடியாது. ஓஃப்சைட் என்ற பெயர் வந்த விதத்தை ஊரில் எல்லோரும் சொல்வார்கள். ஒரு ஞாயிறு பூசையில் நற்கருணை வாங்க வரிசை போய்க்கொண்டிருந்தது. பின்வரிசை வாங்கில் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர் எழுந்து, மூன்று வாங்கு ஆட்களைத் தாண்டி, பக்கத்தால் முன்னுக்குப் போய்விட்டார். கோயில் முழுக்க அமைதி. அந்த அமைதியில் அக்காவின் குரல் கேட்டது. "ஓஃப்சைட்!" மனதுக்குள் சொன்னதாகத்தான் அவர் நினைத்தாராம். பாதர் இருமுவதுபோல் வாயைப் பொத்திக்கொண்டார். பெரியவர் திரும்பிப் போய் வரிசையின் கடைசியில் நின்றார். ஊர் பெயரை வைத்துவிட்டது.

மைதானத்தில் அவரைக் கண்டுபிடிப்பது மிகச் சுலபம். ஆயிரம் தலையும் வலப்பக்கம் திரும்பும்போது இடப்பக்கம் திரும்பியிருக்கும் ஒரே தலை அவருடையது. பந்து எங்கள் கோல் பக்கம் வந்தால் அவர் மற்றப் பக்கத்தில் நிற்கும் எதிரணிக் கீப்பரைப் பார்த்துக்கொண்டிருப்பார். யார் களைத்துவிட்டான், யார் சப்பாத்து கடிக்கிறதென்று நொண்டுகிறான், யார் யாரோடு கோபம் என்று எல்லாம் அவருக்குத் தெரியும்.

"அப்ப கோல் அடிச்சது எப்பிடித் தெரியும், அக்கா?" என்று ஒருமுறை கேட்டேன்.

"சனம் கத்துந்தானே. பெரிய சத்தம் எண்டால் நாங்கள். சின்னச் சத்தம் எண்டால் அவங்கள். அதுக்கேன் கண்ணைச் செலவழிப்பான்?"

உலகக் கிண்ணம் வந்தால் கோயில் மண்டபத்தில் பெரிய திரை போடுவார்கள். குருநகர் இரண்டாகப் பிரியும், பாதிப்பேர் பிரேசில், பாதிப்பேர் ஆர்ஜன்டீனா. கூடப்பிறந்தவர்கள் கதையாமல் இருப்பார்கள். அக்கா மட்டும் எந்த அணியில் நல்ல இடப்பக்கப் பின்கள வீரன் இருக்கிறானோ அந்த அணிக்கு ஆதரவு. ஒருமுறை யாரும் கேள்விப்படாத ஒரு நாட்டுக்காகச் செபமாலை சொன்னார். ஆனால் தொலைக்காட்சியில் ஆட்டம் பார்ப்பது அவருக்குப் பெரிய தண்டனை. கமரா பந்துக்குப் பின்னாலேயே போகும்.

"கமராக்காரன் விசரன்! என்ரை பெடியனைக் காட்டடா!" என்று கத்துவார். பொறுக்க முடியாமல் ஒருநாள் எழுந்துபோய்த் திரையின் ஓரத்தில் கன்னத்தை வைத்து எட்டிப் பார்த்தார். அந்த விளிம்புக்கு அப்பால் தன்னுடைய வீரன் நிற்பான் என்று அவர் உண்மையாகவே நம்பினார் போலிருந்தது. மண்டபம் சிரித்தது. எனக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் அந்த ஆட்டம் முடியும்போது, "மூண்டாம் நம்பருக்குத் தொடை பிடிச்சிட்டுது, இனி அந்தப் பக்கத்தாலைதான் அடி விழும்" என்றார். அடுத்த ஆட்டத்தில் அந்தப் பக்கத்தால்தான் அந்த நாட்டுக்கு மூன்று கோல் விழுந்தது. அதன் பிறகு நான் சிரிப்பதை நிறுத்திவிட்டேன்.

கனடாவிலிருந்து அவருடைய அண்ணன் மகன் ரொஷான் விடுமுறைக்கு வந்தபோது நடந்ததையும் சொல்லவேண்டும். பெடியன் வந்த அன்றே வாயைக் கொடுத்தான்.

"அன்ரி, நீங்கள் பெரிய சொக்கர் ஃபான் எண்டு அப்பா சொன்னவர்."

அக்கா கணவாயைக் கழுவிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்தார். "சொக்கரோ? சொக்கர் சைவக்காரற்றை சாமியெல்லோ? நாங்கள் வேதக்காரர், தம்பி."

"இல்லை அன்ரி, காலாலை அடிக்கிறது சொக்கர். ஃபுட்போல் எண்டால் அங்கை வேறை." அவன் போனில் ஒரு ஆட்டத்தைப் போட்டுக் காட்டினான்.

அக்கா கொஞ்ச நேரம் பார்த்தார். "உது பந்தோ, பப்பாப்பழமோ?"

"பந்துதான்."

"கையிலை தூக்கிக்கொண்டு ஓடுறான்?"

"ஓம், அப்பிடித்தான்."

"கையிலை தூக்கிக்கொண்டு ஓடுறதுக்கு ஃபுட்போல் எண்டு பேர். காலாலை அடிக்கிறதுக்குச் சாமியின்ரை பேர். கண்டறியாத நாடு!"

அதோடு முடிந்தது என்று நினைத்தோம். ஆனால் அக்கா போனைத் திருப்பிக் கொடுக்கவில்லை. ஈரக் கையைச் சீலையில் துடைத்துவிட்டு, திண்ணமாக உட்கார்ந்து பார்த்தார். கால் மணி நேரம் போனது. பிறகு திரையில் விரலை வைத்தார்.

"உவன் ஆர், உந்தத் தடியன்?"

"அவன் சும்மா மறிச்சு நிக்கிறவன், அன்ரி. அவன் பந்தைத் தொடமாட்டான்."

"வருசம் முழுக்கத் தொடமாட்டானோ?"

"பெரும்பாலும் இல்லை."

"ஆனா உவன் விழுந்தால் பின்னாலை நிக்கிறவன்ரை கதை முடிஞ்சுது." அக்காவின் குரல் இறங்கிவிட்டது. "உவன்ரை பேர் என்ன?"

ரொஷானுக்குத் தெரியவில்லை. அந்த அணிக்குத் தான் பத்து வருட ரசிகன் என்று சற்று முன்தான் சொல்லியிருந்தான். அக்கா அவனை ஒரு பார்வை பார்த்தார். பாவம், பெடியன் அன்றிரவே தேடிப் பெயரைக் கண்டுபிடித்துக்கொண்டு வந்து சொன்னான். இன்றைக்கும் அக்கா அந்தத் தடியனைப் பற்றி அவனிடம் போனில் விசாரிப்பார்.

ரொஷான் திரும்பிப் போனபின் ஒருநாள், அக்கா ஏன் பந்தைப் பார்ப்பதில்லை என்று ஞானம் அண்ணையிடம் கேட்டேன். அக்காவின் புருசன் மரியதாஸ் பன்னிரண்டு வருடம் எங்கள் அணியில் இடப்பக்கப் பின்களத்தில் விளையாடியவராம். ஒரு கோலும் அடித்ததில்லை. காய்ச்சலில் படுத்து ஒரு கிழமையில் போய்விட்டார். செத்தவீட்டில் அணிக்காரர் எல்லோரும் கூடியிருந்து பழைய ஆட்டங்களைக் கதைத்தார்கள். அந்தக் கோல், இந்தக் கோல், மூலையிலிருந்து வந்த கோல். ஒரு கதையிலும் மரியதாஸ் இல்லை.

"மனிசி உள்ளையிருந்து எழும்பி வந்தா," என்றார் ஞானம் அண்ணை. "'நீங்கள் சொல்லுற ஒவ்வொரு கோலுக்கும் இந்தாள் எங்கை நிண்டவர் எண்டு நான் சொல்லுறன், கேளுங்கோ' எண்டு தொடங்கினா. ரெண்டு மணித்தியாலம். எந்த ஆட்டம், ஆரை மறிச்சார், எந்தப் பந்தை வரவிடேல்லை, எல்லாம் சொன்னா. அந்த ரெண்டு மணித்தியாலமும் மனிசி அழேல்லை. நாங்கள்தான் அழுதம். பன்னிரண்டு வருசம் அந்தாளைப் பாத்தது அவ ஒருத்திதான்."

அன்று அதையெல்லாம் கேட்டிருந்தும் ஞானம் அண்ணை அக்காவை அணியின் வாங்குப் பக்கம் விடமாட்டார். காரணம், அக்கா அவருடைய தீர்மானங்களை எல்லோர் முன்னிலையிலும் திருத்துவார். அது நியாயம்தான்.

போன வருடம் நாங்கள் வல்வெட்டித்துறை அணியோடு இறுதியாட்டம் விளையாடினோம். எங்கள் ஊர் கிண்ணம் தூக்கிப் பல காலம். வெயில் மண்டையைப் பிளந்தது. முடிய ஐந்து நிமிடம் இருக்க, இரு பக்கமும் கோல் இல்லை. அப்போது எங்கள் ரெஜி நடுவில் பந்தைப் பறித்துக்கொண்டு ஓடினான். அவர்களுடைய பின்களம் திறந்துவிட்டது. கீப்பர் முன்னுக்கு ஓடிவந்து சறுக்கி விழுந்தார். வெறும் கோல். சனம் முழுவதும் எழும்பி நின்றது.

அந்த நேரம் மைதானத்தின் மற்றப் பக்கத்தால், என் கோலுக்குக் கிட்ட, அக்கா கோட்டைத் தாண்டி உள்ளே ஓடிவந்தார். ஒரு கையால் சீலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, மற்றக் கையை விரித்து, தொண்டை கிழியக் கத்தினார். "நிப்பாட்டுங்கோ! நிப்பாட்டுங்கோ ஆட்டத்தை!"

நடுவர் திடுக்கிட்டு விசிலை ஊதிவிட்டார். அதற்கடுத்த நொடி ரெஜியின் பந்து வலைக்குள் போனது. கோல் செல்லாது.

எங்கள் ஊர்ச் சனம் அக்காவைத் திட்டிய திட்டை இங்கே எழுத முடியாது. ஞானம் அண்ணை தொப்பியைக் கழற்றி நிலத்தில் அடித்தார். நானும், வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், வாய்க்குள் ஏதோ சொன்னேன். பிறகுதான் அக்கா ஓடிய திசையைப் பார்த்தேன். எனக்கு முப்பது அடி தூரத்தில் அவர்களுடைய சிவநேசன் புல்லில் முகங்குப்புறக் கிடந்தார். முப்பத்தைந்து வயது, கடற்தொழில் செய்கிறவர், எங்கள் பக்கம் பந்தை எடுத்து வந்துவிட்டுத் திரும்பி ஓடமுடியாமல் நின்றவர். இவ்வளவு கிட்ட நின்றும் நான் காணவில்லை. நானும் பந்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"முதல் குந்தினவர். பேந்து நெஞ்சைப் பிடிச்சவர்," என்று அக்கா மூச்சு வாங்கச் சொன்னார். சனத்துக்குள்ளிருந்து ஒரு தாதி ஓடிவந்து நெஞ்சை அமத்தத் தொடங்கினார். எட்டுப் பேராகத் தூக்கி வான் வண்டியில் ஏற்றினோம். அக்காவும் ஏறிப் போய்விட்டார். சற்று முன் திட்டிய அத்தனை சனமும் வண்டிக்கு வழிவிட்டு ஒதுங்கியது. ரெஜி வந்து என் பக்கத்தில் குந்தி, "அண்ணை, ஆயிரம் பேர் நிண்டமே, ஒருத்தரும் காணேல்லையே" என்றான்.

சிவநேசன் பிழைத்துவிட்டார். சில நிமிடம் பிந்தியிருந்தால் கதை வேறு என்றாராம் டொக்டர். ஆட்டம் அடுத்த ஞாயிறுக்குத் தள்ளிப்போய், அதில் நாங்கள் ஒன்றுக்குப் பூச்சியம் என்று தோற்றோம். குருநகரில் ஒருவர்கூட முணுமுணுக்கவில்லை. ஞானம் அண்ணை அணியின் வாங்குக்குப் பக்கத்தில் அக்காவுக்கென்று ஒரு கதிரை போட்டுக் கொடுத்தார். "கதிரையிலை இருந்தால் பாதிக் கிரவுண்ட் தெரியாது" என்று அக்கா அதை வேண்டாமென்றுவிட்டார்.

இரண்டு மாதம் கழித்துச் சிவநேசனும் மனைவியும் அக்காவின் வீட்டுக்கு வந்தார்கள். நன்றிக்கடனாக என்ன கொண்டுவந்தார்கள் தெரியுமா? மீன். வல்வெட்டித்துறையிலிருந்து குருநகர் மீன்காரிக்கு ஆளுயர அறக்குளா! அக்கா செவுளைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "நல்ல மீன்தான்" என்று சான்றிதழ் கொடுத்தார். சிவநேசனின் மனைவி அக்காவின் காலில் விழப் போனார்.

"எழும்பு பிள்ளை, எழும்பு. உதென்ன பழக்கம்?" அக்கா அவரைத் தூக்கி அணைத்துக்கொண்டார். பிறகு சிவநேசனைப் பார்த்து, "பேந்து விளையாடலாமே?" என்று கேட்டார்.

சிவநேசன் நிலத்தைப் பார்த்தார். "இல்லையாம் அக்கா. இனி மைதானத்துக்கை இறங்கவே கூடாதாம். பதினெட்டு வருசம் விளையாடினனான். ஞாயிற்றுக்கிழமையிலை என்ன செய்யிறதெண்டு தெரியேல்லை. கரையிலை போய்ச் சும்மா இருக்கிறன்."

அக்கா அறக்குளாவை ஓரமாக வைத்துவிட்டு அவர் பக்கம் திரும்பினார்.

"உள்ளுக்கை இறங்கக் கூடாதெண்டுதானே சொன்னவை? வெளியிலை நிக்கலாந்தானே? இஞ்சை வந்து எனக்கு எதிர்ப்பக்கக் கோட்டிலை நில். எனக்கும் வயசு போகுது. இந்தக் கரையிலையிருந்து அந்தக் கரை வடிவாத் தெரியுதில்லை. ரெண்டு பேர் நிண்டால் ஒருத்தரையும் விடாமல் பாக்கலாம்."

இப்போது எங்கள் ஆட்டம் நடக்கும் ஞாயிறுகளில் சிவநேசன் பஸ் ஏறி வந்துவிடுகிறார். ஒரு கோட்டில் அக்கா, மறு கோட்டில் அவர். சனத்தின் தலை ஒரு பக்கம் திரும்ப, இந்த இரண்டு தலையும் மறுபக்கம் திரும்பும். எனக்கும் வயது நாற்பதை நெருங்குகிறது. இன்னொரு கீப்பரைப் பார்க்கச் சொல்லி ஞானம் அண்ணையிடம் சொல்லிவிட்டேன். ஆனாலும் அதுவரை, பந்து தூரத்து முனைக்குப் போய், என் பக்கம் ஒரு சனமும் திரும்பிப் பார்க்காத அந்த நேரங்களில்தான் நான் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, கொஞ்சம் நிமிர்ந்து நிற்கிறேன்.