பற்றரி இறங்க இறங்கப் பெற்றோல் ஏறிய கார்

ஒரு சனிக்கிழமை காலை எட்டரை மணிக்கு, ஒழுங்கையின் நடுவில், ஏழு பேருக்கு முன்னால் குணரத்தினம் தன் வாழ்க்கையின் இரண்டாவது சபதத்தை எடுத்தார். முதலாவது, கலியாணத்தோடு சுருட்டை விடுவதென்பது. அது பதினெட்டு நாள் நின்றது.

இரண்டாவது சபதம் காரைப் பற்றியது. உட்துறைமுக வீதிக்குப் பின்னால் இருந்த அந்த ஒழுங்கையில் கார் வைத்திருந்த ஒரே மனிதர் அவர்தான். கடற்படைத் துரை ஒருவர் இங்கிலாந்துக்குக் கப்பலேறும்போது விற்றுவிட்டுப் போன சாம்பல் நிறக் கார். கிழமை நாட்களில் அது கொட்டிலுக்குள் நிற்கும். பெற்றோல் விற்கிற விலைக்குக் கந்தோருக்குக் காரில் போகிறவன் மடையன் என்று சொல்லிக்கொண்டு குணரத்தினம் சைக்கிளில் போவார். சனி, ஞாயிறில் கார் வெளியே வரும்.

வரவேண்டும். இரண்டு மாதமாக அது வரவில்லை; கொண்டுவரப்பட்டது. சனிக்கிழமை தவறாமல் பற்றரி செத்துக் கிடக்கும். மீன் வியாபாரி அலியாரும் தபால்காரர் தம்பிராசாவும் இன்னும் நாலைந்து பேரும் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து தள்ளுவார்கள். குணரத்தினம் உள்ளே இருந்து வழி நடத்துவார். பெண்கள் படலையடியில் நின்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு பார்ப்பார்கள். கார் விடுகிற புகைக்காகப் பொத்துகிறார்கள் என்று அவர் நினைத்திருந்தார்.

அன்றைக்கு அவருடைய மனைவி புஷ்பவதி, தள்ளி முடித்த ஆட்களுக்குத் தேத்தண்ணி கொடுத்துக்கொண்டே, பேசாமல் அபூதாஹிரிடம் காரைக் காட்டினால் என்ன என்று கேட்டாள். அபூதாஹிர் சந்தியில் கார் திருத்துகிறவர். பக்கத்து வீட்டு ஸல்ஹாவின் தம்பி.

“அவனுக்கு என்ன தெரியும்?” என்றார் குணரத்தினம். “பதினாறு வருசமா இயந்திரக் கோப்புகள் பாக்கிறவன் நான்.”

அது உண்மை. துறைமுகக் கந்தோரில் அவர் கிளாக்கர்; உதிரிப்பாகங்களுக்கான கடிதம் முழுவதும் அவர் கையால்தான் போகும். டைனமோ என்ற சொல்லை நானூறு தடவையாவது தட்டெழுதியிருப்பார். டைனமோவை ஒரு தடவையும் தொட்டதில்லை.

“அப்ப நீங்களே கண்டுபிடியுங்கோ,” என்றாள் புஷ்பவதி. “எத்தினை நாள் வேணும்?”

“மூண்டு கிழமை.”

“கண்டுபிடிக்காட்டி?”

ஏழு பேர் தேத்தண்ணிக் கோப்பைக்கு மேலால் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கண்டுபிடிக்காவிட்டால் அவளுக்குக் கார் ஓடப் பழக்குவதாகக் குணரத்தினம் சத்தமாகச் சொன்னார். கண்டுபிடித்தால் அவள் சீவியத்தில் அந்தக் கதையே எடுக்கக்கூடாது.

அந்தக் கதை தைப்பொங்கலிலிருந்து நடந்துகொண்டிருந்தது. ‘எனக்கும் கார் பழக்கிவிடுங்கோ’ என்று அவள் முதல் தடவை கேட்டபோது, பெண்களுக்குக் கையும் காலும் ஒரே நேரத்தில் வேறு வேறு வேலை செய்யாது, அது படைப்பு என்று அவர் விளக்கினார். புஷ்பவதி அந்த நேரம் இரண்டு காலாலும் தையல் மெசினை மிதித்து, இரண்டு கையாலும் துணியைத் தள்ளி, வாயால் மகளிடம் வாய்ப்பாடு கேட்டுக்கொண்டிருந்தாள். கான்வென்றில் படித்தவள். குறுக்கே பேசவில்லை. நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள், அவ்வளவுதான்.

இப்போது பந்தயத்துக்கும் உடனே “ஓம்” என்றாள். புஷ்பவதி அவ்வளவு கெதியில் எதற்கும் சம்மதித்ததில்லை. பெண் பார்க்கப் போன அன்றுகூட நாலு கேள்வி கேட்டுவிட்டுத்தான் தேத்தண்ணியைக் கையில் தந்தவள். ‘அந்த இடத்திலயே எனக்கு மூளை வேலை செய்திருக்க வேணும், ஆனால் மூளையும் அந்தப் பற்றரி மாதிரித்தான் கிடந்தது’ என்று குணரத்தினம் இப்போது தானே சொல்லிச் சிரிக்கிறார். அன்று சிரிக்கவில்லை. கொப்பி ஒன்று வாங்கி, முதல் பக்கத்தில் ‘பற்றரி ஆராய்ச்சி’ என்று எழுதினார்.

முதற் கிழமை அவர் உப்புக்காற்றைப் பிடித்தார். துறைமுகத்திலிருந்து வருகிற காற்றிலே உப்பு. உப்பு, வயர் பூட்டுகிற பற்றரிக் காதுகளில் படிகிறது. படிந்த உப்பு மின்சாரத்தை உறிஞ்சுகிறது. மருந்து, மேலே களிம்பு பூசுவது. வீட்டில் இருந்த ஒரே களிம்பு புஷ்பவதி முகத்துக்குப் பூசுவது. அவள் போத்தலை மறுப்பில்லாமல் எடுத்துக் கொடுத்தாள். அடுத்த சனிக்கிழமை பற்றரி முகம் மினுங்கச் செத்துக் கிடந்தது.

இரண்டாம் கிழமை பற்றரித் தண்ணியைப் பிடித்தார். புதுத் தண்ணி ஊற்றினார். கூடிவிட்டது. கொஞ்சம் எடுத்தார். அந்த அமிலத்தில் மூன்று துளி காற்சட்டையில் விழுந்து, கந்தோரில் பெரிய துரை முன்னால் கோப்போடு குனிந்தபோது காற்சட்டையில் மூன்று யன்னல் திறந்தது. கார் அந்தச் சனிக்கிழமையும் அசையவில்லை.

அதன்பிறகுதான், ஒருவரும் பார்க்காத நேரமாகப் பார்த்து, பற்றரியைச் சைக்கிள் கரியரில் கட்டிக்கொண்டு அபூதாஹிரின் பட்டறைக்குப் போனார். அபூதாஹிர் கண்ணாடிக் குழாயை விட்டுப் பார்த்தார். பற்றரியில் ஒரு பிழையும் இல்லை என்றார். டைனமோவும் போன மாதம்தான் தான் பார்த்தது, நல்லது என்றார். போன மாதம் எப்போது பார்த்தார் என்று கேட்கக் குணரத்தினத்துக்குத் தோன்றவில்லை.

“கிட்டத் தூரம் ஓடி நிப்பாட்டி, திரும்ப ஸ்ரார்ட் பண்ணி, திரும்ப நிப்பாட்டினா எந்தப் பற்றரியும் இறங்கும் கிளாக்கர் ஐயா. ஏறுறதுக்கு நேரம் குடுக்கணுமே.”

கார் கொட்டிலை விட்டு வெளியே வருவதே இல்லையே என்றார் குணரத்தினம்.

“வீட்டில ஒருக்கா விசாரிச்சுப் பாருங்க,” என்று சொல்லிவிட்டு அபூதாஹிர் வேறொரு காருக்குக் கீழே போய்ப் படுத்துக்கொண்டார். வெளியே நீட்டிக்கொண்டிருந்த இரண்டு காலும் நடுங்கின. சிரிக்கிறவனின் கால் எப்படி இருக்கும் என்று குணரத்தினம் அதற்கு முன் கவனித்ததில்லை. பாவம், காய்ச்சலோ என்று நினைத்தார்.

சொன்ன சொல்லுக்கு வீட்டிலும் விசாரித்தார். பற்றரியைப் பற்றித் தனக்கு என்ன தெரியும் என்று புஷ்பவதி கத்தரிக்காயை வெட்டிக்கொண்டே கேட்டாள். அது நியாயமாகத்தான் பட்டது.

மூன்றாம் கிழமை கசிவு. எங்கோ ஒரு வயரில் மின்சாரம் ஒழுகுகிறது. ஒவ்வொரு வயராகக் கழற்றிப் பார்த்தால் ஒழுகுவதைப் பிடிக்கலாம். கழற்றினார். பூட்டினார். பூட்டிய பிறகு லைற்றைப் போட்டால் ஹோண் அடித்தது. ஹோணை அமத்தினால் ஒன்றும் நடக்கவில்லை. அதைப் புஷ்பவதி பார்க்கவில்லை என்று ஆறுதலடைந்தார். அடுத்த நாள் பின்னேரம் வந்து பார்த்தால் வயர்கள் தாமாகவே சரியாக இருந்தன. தன் கைராசியை அவரே மெச்சிக்கொண்டார்.

இந்த மூன்று கிழமையும் அவர் கண்ட வேறு சில விடயங்களும் கொப்பியில் இருக்கின்றன. சாரதி ஆசனம் முன்னுக்கு நகர்ந்திருந்தது, முழங்கால் முட்டியது. தனக்கு வண்டி வைத்து வயிறு முன்னுக்கு வந்துவிட்டதென்று எழுதி, இரவில் ஒரு பிட்டு குறைத்தார். பின்னுக்குப் பார்க்கிற கண்ணாடி கீழே சரிந்திருந்தது; ஆணி தளர்வு. பின் சீற்றில் பாக்குத் துண்டு; எலி வேலை. ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் பெற்றோல் முள்ளைப் பார்த்தார். கார் ஓடுகிறதென்றால் பெற்றோல் குறையவேண்டும். குறையவில்லை. அதற்கு எதிர்மாறாக, போன ஞாயிறு இருந்ததைவிட ஒரு கோடு கூடியிருந்தது. குணரத்தினம் நெடுநேரம் அந்த முள்ளைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு கொப்பியை எடுத்து, ‘பற்றரி இறங்க இறங்கப் பெற்றோல் ஏறுகிறது’ என்று எழுதி, அடியில் இரண்டு கோடு இழுத்தார். இதைக் கந்தோர்ப் பொறியியலாளருக்குக் காட்டலாமா என்றும் யோசித்தார். காட்டாததுதான் அந்த ஆண்டில் அவர் செய்த ஒரே புத்தியுள்ள காரியம்.

கடைசிச் சனிக்கிழமை விடிந்தது. அன்றைக்குத் தம்பலகாமத்தில் அவருடைய அக்காவின் புது வீட்டுக் குடிபூரல். பத்தரைக்குள் அங்கே நிற்கவேண்டும். பந்தயமும் அன்றோடு முடிகிறது. திறப்பைத் திருப்பி ஸ்ரார்ட்டரை இழுத்தார். கார் ஒரு கனைப்புக் கனைத்துவிட்டு அடங்கியது.

ஆட்களைக் கூப்பிட வெட்கமாக இருந்தது. காரின் முன்னால் போட்டுச் சுழற்றுகிற இரும்பு ஹாண்டிலை எடுத்தார். இதைப் பற்றியும் அவர் கடிதம் எழுதியிருக்கிறார். மூன்றாவது சுழற்றில் ஹாண்டில் எதிர்ப்பக்கமாகத் திருப்பி அடித்தது. வலது மணிக்கட்டு பலாக்கொட்டை மாதிரி வீங்கிவிட்டது.

சத்தம் கேட்டு அலியாரும் தம்பிராசாவும் மற்றவர்களும் தாமாகவே வந்தார்கள். தள்ள ஆள் இருக்கிறது. உள்ளே இருந்து ஸ்ரியறிங்கைப் பிடிக்கத்தான் ஆள் இல்லை. குணரத்தினத்தின் கை ஏலாது. வந்தவர்களில் ஒருவருக்கும் ஓடத் தெரியாது. அபூதாஹிர் மூதூருக்குக் கலியாணத்துக்குப் போய்விட்டார்.

“நான் இருந்து பிடிக்கட்டே?” என்றாள் புஷ்பவதி. புதுச் சேலை கட்டி ஆயத்தமாக நின்றாள்.

வேறு வழியில்லை. அவளை ஏற்றி, யன்னலுக்கு வெளியே நின்று குணரத்தினம் வகுப்பெடுத்தார். இது கிளச். இது பிறேக். இது உனக்கு இப்ப தேவையில்லை. நேரே பிடி. நான் சொல்லும்போது மெல்லக் காலை எடு. கார் துள்ளும், கத்தாதே. புஷ்பவதி கோயிலில் பிரசங்கம் கேட்கிற முகத்தோடு கேட்டுக்கொண்டிருந்தாள்.

“விளங்கினதோ?”

“ஓம். ரெண்டாவது கியரில தானே?”

கியரைப் பற்றி அவர் இன்னும் சொல்லவில்லை. அதைக் கவனிப்பதற்குள் தள்ளத் தொடங்கிவிட்டார்கள். அவரும் இடது தோளைக் கொடுத்தார். கார் உருண்டது. “இப்ப” என்று அவர் வாயைத் திறக்குமுன் இயந்திரம் பிடித்துக்கொண்டது. ஒரு துள்ளல் இல்லை. தோளைக் கொடுத்த இடத்தில் கார் இல்லாமல் குணரத்தினம் நாலு அடி தனியாக ஓடினார்.

“பிறேக்கை அமத்து” என்று கத்திக்கொண்டு பின்னால் போனார். கார் ஒழுங்கை முடிவு வரை போனது. அங்கே யன்னலுக்கு வெளியே ஒரு கை நீண்டது. வளையல் போட்ட கை, நேராக, அசையாமல். வலப்பக்கம் திரும்புகிறேன் என்கிற சைகை. தள்ளிய ஆட்கள் அப்படி ஒன்றை அன்றுதான் கண்டார்கள். குணரத்தினம் ஒருநாளும் போட்டதில்லை. கார் முடக்கில் முகத்தை நுழைத்து, பின்னுக்கு வந்து, திரும்பி, நேரே அவருக்கு முன்னால் வந்து நின்றது. இயந்திரம் நிற்கவில்லை.

“கிளாக்கர்,” என்றார் அலியார் மெதுவாக, “உங்களுக்குப் பின்னுக்கு எடுக்கேக்க ரெண்டு தரம் எங்கட வேலியில முட்டும்.”

குணரத்தினம் யன்னலில் கையை வைத்தார். நகர்ந்த ஆசனமும் சரிந்த கண்ணாடியும் ஏறிய பெற்றோலும் ஒவ்வொன்றாக வந்து மண்டைக்குள் இறங்கின.

“எப்பயிருந்து?” என்றார் தாழ்ந்த குரலில்.

“மாசி கடைசியில இருந்து. நீங்கள் கந்தோருக்குப் போனாப் பிறகு. அபூதாஹிர் பழக்கினவர். ஸல்ஹா அக்கா துணைக்குப் பின்னுக்கு இருந்தவ.”

“திறப்பு என்ர பொக்கற்றில எல்லோ இருக்கு?”

“எங்கட அலுமாரித் திறப்பும் அதுக்குப் பொருந்துது. கோட்டைப் பக்க ஏற்றத்திலதான் நிண்டு நிண்டு போகும். ஒரு நாளைக்கு இருபது தரம் ஸ்ரார்ட் பண்ணுவன். போன செவ்வாய்க்கிழமை சோதினையும் பாஸ் பண்ணிட்டன்.” அவள் ஸ்ரியறிங்கில் இருந்து கையை எடுக்கவில்லை. “பெற்றோல் என்ர சீட்டுக் காசில போட்டனான். போட்டதை அளக்கத்தான் தெரியேல்ல.”

படலையடியில் நின்ற ஒரு பெண்ணும் ஆச்சரியப்படவில்லை என்பதைக் குணரத்தினம் அப்போதுதான் கண்டார். ஒழுங்கையில் பகலில் வீட்டோடு இருக்கிற எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது. கந்தோருக்கும் கடலுக்கும் போகிறவர்களுக்குத்தான் தெரியவில்லை.

தள்ளிய ஏழு பேரும் கிட்ட வந்துவிட்டார்கள். மூன்று மாதத்துக்குக் கிட்டத் தள்ளியவர்கள். கேட்க உரிமை உள்ளவர்கள். என்ன பிழையாம், கடைசியில் கண்டுபிடித்தாயிற்றா என்று தம்பிராசா கேட்டார்.

குணரத்தினம் வீங்கிய கையைத் தடவினார். கண்டுபிடித்தேன் என்று சொன்னால் பந்தயம் அவருக்கு. ஆனால் கண்டுபிடித்தது எது என்று சொல்லவேண்டும். தன் மூக்குக்குக் கீழே தன் காரைத் தன் பெண்சாதி கிழமையில் ஐந்து நாள் ஓட்டியதை, அந்த மூக்குக்கு உரியவரே எழுந்து நின்று அறிவிக்கவேண்டும். கண்டுபிடிக்கவில்லை என்று சொன்னால் தோல்வி. அதில் ஒரு நன்மை இருந்தது. இவளுக்குக் கார் பழக்கியவர் யார் என்று நாளைக்கு ஊர் கேட்டால், குணரத்தினம் என்ற பெயராவது மிஞ்சும்.

“கண்டுபிடிக்க ஏலேல்ல,” என்றார் நெஞ்சை நிமிர்த்தி. “தோத்திட்டன். சொன்ன சொல் சொன்னதுதான். இண்டையிலிருந்து இவவுக்கு நான் கார் பழக்கிறன்.”

ஆண்கள் மெச்சினார்கள். வாக்கு மாறாத மனிசன் என்றார் தம்பிராசா. புஷ்பவதி பதினாலு வருடக் கலியாணத்தில் முதல் தடவையாக அவரைக் காப்பாற்றி விடுவது என்று தீர்மானித்தவள்போல நேரே பார்த்துக்கொண்டிருந்தாள். குணரத்தினத்துக்கு உற்சாகம் வந்துவிட்டது. பழக்குகிறவர் பக்கத்தில் இருக்கவேண்டும் என்று எல்லாருக்கும் கேட்கச் சொல்லிக்கொண்டு, காரைச் சுற்றிப் போய் இடப்பக்கக் கதவைத் திறந்தார்.

உள்ளே ஸல்ஹா இருந்தாள். அவர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டிருந்த நேரத்தில் ஏறியிருக்கிறாள். முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, வெற்றிலைப் பெட்டியை மடியில் வைத்திருந்தாள். போகிற வழியில் அவளைக் கிண்ணியாத் துறையடியில் இறக்கிவிடுவதாக ஏற்கெனவே பேச்சாம்.

“அண்ணன் பின்னுக்கு ஏறுங்க,” என்றாள் ஸல்ஹா, காலடியில் கிடந்த ஒரு கல்லை எடுத்து நீட்டி. “கை பிறேக் கொஞ்சம் வழுக்கும். ஏத்தத்தில நிண்டா குதிச்சுச் சில்லுக்குக் கல்லு வைக்கிறது என்ட வேலை. துறையடிக்கு அங்கால நீங்கதான் பாத்துக்கொள்ளணும்.”

தம்பலகாமம் வரைக்கும் குணரத்தினம் அந்தக் கல்லை மடியில் வைத்துக்கொண்டு போனார்.