எஞ்சின் கோளாறு

'தேடித்து' என்ற ஒரு வார்த்தையை மட்டும் உயிரே போனாலும் சொல்வதில்லை என்று வீரராகவன் தஞ்சாவூர் தாண்டும்போது முடிவு கட்டினார். திருச்சி ஜங்ஷனில் டிரங்குப் பெட்டியோடு இறங்கும்போது அதை மூன்றாவது தடவையாக உறுதி செய்துகொண்டார்.

பின்னே, சும்மாவா? ஜன்மத்துக்கும் பேச்சுரிமை போகிற விஷயம். டிராயிங் மாஸ்டர் வேலையிலிருந்து ரிடையரானதிலிருந்து மனுஷர் சமையலறையை விட்டு நகரவில்லை. மூடியைத் திறந்து பார்ப்பார். உப்புப் போட்டாயா என்பார். பெருங்காயத்துக்கு அளவு சொல்வார். முப்பது வருஷமாகக் கரண்டி பிடித்த வேதவதி ஒருநாள் அதைக் கீழே வைத்துவிட்டு, கொஞ்ச நாள் எங்கேயாவது போய்விட்டு வரும்படி கேட்டுக்கொண்டாள். அந்தச் சமயம் பார்த்து, பாலக்கரை புகையிலை வியாபாரி பரக்கத் அலி, அவருடைய பழைய சிநேகிதர், நாகப்பட்டினத்தில் சொந்தமாக ஒரு மோட்டார் போட் வாங்கியிருந்தார். கரையோரமாகவே கொச்சி வரைக்கும் போகலாம், வாரும் என்றார்.

"போறேன். என்னைக் காணாம உனக்குத்தான் தேடும், பாரு" என்று வீரராகவன் பெண்டாட்டியிடம் சவால் விட்டார்.

"தேடித்துன்னு யார் முதல்ல வாயால சொல்றாளோ, அவா அப்புறம் தளிகை விஷயத்தில வாயே திறக்கப்படாது. சம்மதமா?"

சம்மதித்தார். புத்தி எங்கே போயிற்றோ!

முதல் நாலு நாள் ஜோர்தான். கோடியக்கரை தாண்டியதும் ஆரம்பித்தது வினை. சிநேகிதரின் ஆசாரம் கெடக்கூடாதென்று பரக்கத் அலி தனி ஸ்டவ், தனிப் பாத்திரமெல்லாம் வைத்திருந்தார். வீரராகவன் சாத்தமுது என்று ஒரு ரசம் கொதிக்கவைப்பார். போட் ஒரு குலுக்குக் குலுக்கும். பாதி கடலுக்கு, பாதி வேஷ்டிக்கு. நாக்கு செத்துப்போயிற்று. அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். வீட்டில் சாயங்காலம் நாலு மணிக்கு அவள் காபியை அவர் பக்கம் நகர்த்தி, "சூடு, பார்த்து" என்பாள். முப்பது வருஷமாக அவர் அதைக் காதில் போட்டுக்கொண்டதே இல்லை. இப்போது நாலு மணி அடித்தால் அந்த இரண்டு வார்த்தைக்காக மனசு கிடந்து அடித்துக்கொண்டது. போட் முனையில் உட்கார்ந்து அழுதார். கேட்டால் ஸ்டவ் புகை என்றார்.

வீட்டுக்குப் போட்ட கார்டுகளில் மட்டும் பரம சௌக்கியம். பாம்பன் தபாலாபீசில் விசாரித்தார், தூத்துக்குடியில் விசாரித்தார். அவளிடமிருந்து ஒரு வரி பதில் கிடையாது. கல்நெஞ்சக்காரி.

தூத்துக்குடியில்தான் பெருமாள் கண்ணைத் திறந்தார். எஞ்சினில் என்னவோ சத்தம் கேட்கிறது, கொச்சி வேண்டாம், திரும்பிவிடலாம் என்றார் பரக்கத் அலி. வீரராகவன் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டார். அன்றைக்குத்தான் வயிறாரச் சாப்பிட்டார்.

ஜங்ஷனில் பிடித்த குதிரை வண்டி காவேரிப் பாலத்தில் ஏறியது. பங்குனி மாதம், ஆற்றில் மணல்தான் அதிகம், ஓரமாக ஒரு வாய்க்கால் அளவுக்குத் தண்ணீர். நாற்பது நாளாகக் கடலைப் பார்த்த மனுஷருக்கு அந்தத் தண்ணீரைப் பார்த்துக் கண் கலங்கியது. ஊர்க் கோயிலின் மொட்டைக் கோபுரம் தெரிந்தபோது வண்டிக்காரனை, குதிரையைக் கொஞ்சம் தட்டி ஓட்டப்பா என்று கெஞ்சினார்.

சித்திரை வீதி வெறிச்சோடிக் கிடந்தது. அப்போதுதான் ஞாபகம் வந்தது, பங்குனி உத்தரம். உறையூர் நாச்சியாரிடம் போய்விட்டு வந்த பெருமாளுக்குத் தாயார் கோபித்துக்கொண்டு கதவைச் சாத்துகிற நாள். ஊரே அதைச் சேவிக்கப் போயிருந்தது.

இங்கேயும் கதவு சாத்தித்தான் இருந்தது. உள்ளே பெருங்காயம் மணத்தது. தட்டினார்.

"யாரது?"

"நான்தான்."

"நாற்பது நாளா எங்கே போயிருந்தேள்?"

"தெரியாதா? கடலுக்கு."

"ஆத்தைத் தாண்டி உறையூர் போனவருக்கே அங்கே கதவு திறக்கலை. நீங்கள் தூத்துக்குடி போயிருக்கேள்."

"எஞ்சின் கெட்டுப்போச்சு. இல்லேன்னா கொச்சிக்கே போயிருப்பேன்" என்றார், விட்டுக்கொடுக்காமல்.

"அப்படியா? எஞ்சின் சரியானதும் போயிட்டு வாங்கோ."

காலடி உள்ளே நகர்ந்தது. கோயிலிலாவது பெருமாளுக்குப் பரிந்து பேச ஆழ்வார் வருவார். இங்கே யார் வருவார்? வீரராகவன் டிரங்குப் பெட்டிமேல் உட்கார்ந்தார். ஒரு மரக்கதவு. அந்தப்பக்கம் அவள். நாற்பது நாள் தாங்கியவருக்கு இந்த ஒரு நிமிஷம் தாங்கவில்லை.

"தேடித்து" என்றார் மெதுவாக.

"காதில விழலை."

"தேடித்துடீ, வேதா. கோடியக்கரையிலேயே தேடித்து."

தாழ்ப்பாள் திறந்தது. வேதவதியின் கண் சிவந்திருந்தது. தாளித்த புகையாம்.

கூடத்தில் அவருக்கு இலை போட்டுத் தயாராக இருந்தது. இன்றைக்கு வருவேன் என்று எப்படித் தெரியும் என்று அதிசயப்பட்டார். அவள் ஒரு கடுதாசியை நீட்டினாள். பரக்கத் அலி தன் சம்சாரம் ஆபிதாவுக்குப் பாம்பனிலிருந்து எழுதியது. அய்யங்கார் தினம் நாலு மணிக்கு அழுகிறார், பார்க்கச் சகிக்கவில்லை, அவர் வீட்டில் கேட்டு என்ன செய்வதென்று சொல், என்றிருந்தது.

"நான்தான் ஆபிதாவை விட்டுத் தூத்துக்குடிக்குத் தந்தி கொடுக்கச் சொன்னேன், உத்தரத்துக்குள்ள போட்டைத் திருப்பணும்னு. எஞ்சினுக்கு ஒரு கேடும் இல்லை."

"உத்தரத்துக்கு என்ன அவசரம்?"

வேதவதி சாதத்தைப் பார்த்துக்கொண்டே பரிமாறினாள். "வருஷத்தில இன்னிக்கு ஒரு நாள்தான் பெருமாளும் தாயாரும் சேர்ந்து உட்காரா. அந்தச் சேர்த்தியை நான் ஒண்டியாப் போய்ச் சேவிக்கவா?"

வீரராகவனுக்கு அப்போதுதான் புரிந்தது. அடடா, இவளுக்கும் தேடியிருக்கிறது! ஆனால் முதலில் வாயால் சொன்னது அவர். அதுதானே பந்தயம். சாத்தமுதைப் பிசைந்து ஒரு கவளம் வாயில் போட்டார். உப்பு மருந்துக்குக்கூட இல்லை. வாயைத் திறந்தார். வேதவதி கரண்டியோடு நின்று அவரையே பார்த்தாள்.

"பிரமாதம்" என்றார். "இன்னும் கொஞ்சம் விடு."