மூடி அண்ணர் திறந்த சாப்பாட்டுப் பெட்டிகள்

கொழும்பு மாநகரில் அடுத்தவருடைய சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, ஒரு அடிகூட வாங்காமல் எழுபது வயதை எட்டிய ஒரே மனிதர் எங்கள் மூடி அண்ணர்தான். துறைமுகச் சாமான்களை விடுவித்துக் கொடுக்கும் ஒரு சின்னக் கந்தோர், கொட்டாஞ்சேனையில். அங்கே அவரும் நானும் கிளார்க்குகள். அவர் வெள்ளவத்தையிலிருந்து பஸ்ஸில் வருவார். நாலு மனேஜர்கள் மாறியும், அவரை வேலையை விட்டு இளைப்பாறச் சொல்லும் துணிச்சல் ஒருவருக்கும் வரவில்லை.

அவருக்குக் கதிரையில் இருப்புக் கொள்ளாது. பன்னிரண்டரைக்கு நாங்கள் சாப்பாட்டு மேசையில் கூடியதும், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு சுற்ற ஆரம்பிப்பார். ஒவ்வொரு மூடியையும் ஒற்றை விரலால் விலக்கி எட்டிப்பார்ப்பார். பிறகு வானொலிச் செய்தி வாசிப்பவரைப் போல அறிவிப்பார்.

"கணக்குப் பகுதி ராணி மிஸ், கோழிக்கறி! பியோன் நிமல் தம்பி, பாணும் சம்பலும்! இடைவெளி கூடிப்போச்சு!"

இடைவெளிதான் அவருடைய பைத்தியம். பணக்காரனுக்கும் ஏழைக்கும் நடுவில் உள்ள தூரம் இந்த நாட்டில் எப்படி மாறி வந்தது என்பதைப் படித்தவர்கள் புத்தகங்களில் தேடட்டும், தனக்கு இந்த ஒரு மேசை போதும் என்பார்.

"நான் வேலைக்கு வந்த காலம் பாணுக்குக் கியூ. அரிசி இல்லை. மனேஜருக்கும் மரவள்ளிக்கிழங்கு, பியோனுக்கும் மரவள்ளிக்கிழங்கு. மனேஜர் முள்ளுக்கரண்டியாலை குத்திச் சாப்பிட்டார், அவ்வளவுதான் வித்தியாசம். பிறகு இறக்குமதி எல்லாத்தையும் திறந்து விட்டாங்கள். வெளிநாட்டுச் சாமான் வந்து குவிஞ்சுது. பியோனுக்குச் சோத்துப் பார்சல் வந்தது. மனேஜரைக் காணேல்லை!"

"எங்கை போனவர் அண்ணை?"

"பெரிய ஹோட்டலுக்கு! அண்டைக்கு எழும்பின மனேஜர்மார் இன்னும் இந்த மேசைக்குத் திரும்பி வரேல்லை."

இதைவிடப் பெரிய கண்டுபிடிப்பும் அவரிடம் இருந்தது. எல்லோரும் ஒரே மாதிரிச் சாப்பிட்ட காலத்தில், மூடியைக் கழற்றி ஒரு பக்கம் வைத்துவிடுவார்களாம். தூரம் கூடக் கூட, மூடி நிமிர்ந்து பெட்டிக்கு முன்னால் மதிலாக நிற்கத் தொடங்கிவிட்டதாம். சம்பல் வைத்திருப்பவர் வெட்கத்தில் மறைக்கிறார், கோழி வைத்திருப்பவர் பயத்தில் மறைக்கிறார். இதை நிரூபிக்க மகளின் பழைய பாகைமானியைக் கொண்டுவந்து மூடிகளின் சாய்வை அளந்தார். ராணி மிஸ்ஸின் மூடி தொண்ணூறு பாகை. அதைக் கேட்டு அவ ஒரு கிழமை முழுதும் அவரோடு கதைக்கவில்லை.

பிறகு எரிவாயுவுக்கும் பெற்றோலுக்கும் ஊரே வரிசையில் நின்ற அந்த வருடம் வந்தது. சம்பளம் நின்ற இடத்தில் நின்றது, விலைகள் மட்டும் பறந்தன. எங்கள் வீட்டு அரிசி இரண்டு பிள்ளைகளுக்கே மட்டுமட்டு. நானும் மனைவியும் மத்தியானச் சாப்பாட்டை விட்டோம். ஆனால் மானத்தை விட முடியுமா? வெறும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கந்தோருக்குப் போனேன். கடைசிக் கதிரையில் இருந்து, மூடியை நிமிர்த்தி, கரண்டியால் தட்டிச் சத்தம் எழுப்பி, வாயை அசைத்தேன். அவர் சுற்றி வருமுன் "முடிஞ்சுது அண்ணை" என்று பெட்டியை மூடிவிடுவேன். காலையிலிருந்தே என்னைப் பயமுறுத்தியது பசியல்ல, பன்னிரண்டரை மணி.

ஒருநாள் அவர் என் பக்கத்திலிருந்து சுற்றத் தொடங்கினார். நிமல், ராணி மிஸ், எல்லோருக்கும் தெரியப்போகிறது. எழும்பி ஓடலாமா என்று யோசிப்பதற்குள் விரல் வந்து மூடியை விலக்கிவிட்டது.

செய்தி வாசிப்பவர் வெறும் பெட்டிக்குள் ஒருதரம், என் முகத்தில் ஒருதரம் பார்வையை ஓட்டினார். மேசை முழுவதும் எங்களையே பார்த்தது.

"அடேயப்பா! அறுக்குளா மீன் பொரியல்! என்ன பெரிய துண்டு!"

"காட்டுங்கோ அண்ணை!" ராணி மிஸ் எழும்பினா. அவர் மூடியைப் படாரென்று அடித்து, பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்.

"ஒருத்தரும் கிட்ட வரப்படாது!" என்றவர் என் பக்கம் திரும்பினார். "ஐசே, மனுசி மூண்டு நாளாக் கத்தரிக்காய் தந்து என்னைக் கொல்லுறா. மாத்துவமே?"

பதிலுக்குக் காத்திராமல் தன் பெட்டியை என் முன்னால் வைத்தார். ஒருநாளும் கதிரையில் இருக்காத அந்த மனிதர், மூலையில் சுவரைப் பார்த்துக்கொண்டு இருந்து, என் வெறும் பெட்டியிலிருந்து சாப்பிடத் தொடங்கினார். பிசைந்தார். முள் எடுத்து ஒதுக்கினார். விரல் சூப்பினார். பெரிதாக ஒரு ஏப்பமும் விட்டார்.

"எனக்கும் ஒரு துண்டு தாங்கோவன்," என்றா ராணி மிஸ்.

"முடிஞ்சுது பிள்ளை, முள்ளுத்தான் கிடக்கு!"

நான் தலையைக் குனிந்து சோற்றை அள்ளித் தின்றேன். கண் கலங்கியதற்கு மிளகாய்த்தூளின் மேல் பழியைப் போட்டேன்.

மறுநாளிலிருந்து அவருடைய பையில் இரண்டு பெட்டிகள். "மனுசி கூடச் சமைச்சுப்போட்டா," என்று ஒன்றை என் பக்கம் தள்ளுவார். மற்றவர்களை வழக்கம்போலப் படுத்தினார். என் பெட்டியை மட்டும் திறப்பதில்லை.

நிலைமை கொஞ்சம் சீரானதும் மனைவி உண்மையாகவே அறுக்குளா பொரித்துத் தந்தா. கொண்டுபோய் அவர் முன்னால் வைத்து மூடியை நானே கழற்றினேன். நின்றபடியே ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டு, நெடுநேரம் மென்றார்.

"பரவாயில்லை ஐசே. ஆனா அண்டைக்குத் தந்தீரே, அந்த ருசி இதிலை வரேல்லை."

போன வருடம் அவர் வெளிநாட்டிலிருக்கும் மகளிடம் போய்விட்டார். இப்போது என் பெட்டிக்குள் ஒருவரும் எட்டிப்பார்ப்பதில்லை. கோழியோ சம்பலோ, நிம்மதியாகச் சாப்பிடலாம். அந்த மனிதர் இல்லாத மேசையில் எனக்குத்தான் சாப்பாடு இறங்குவதில்லை.